காலைப் பாடத்தில் எகிப்து: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் டாலஸில் இருக்கிறோம். 5, 8, 11 வயதில் மூன்று பிள்ளைகள். மூவருக்கும் வீட்டிலேயேதான் பள்ளி. காலை எட்டரைக்குப் பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு, வரலாறு என்று எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். இந்தப் பருவத்துக்குப் பண்டைய எகிப்தை எடுத்தேன். யோசேப்பும் மோசேயும் வாழ்ந்த தேசம்தானே, எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது காலை வேளை ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. சின்னவன் மேஜைக்கு அடியில் போய்விடுகிறான். நடுவள் எகிப்தியரின் தெய்வம் ஒன்றைக் குறித்து, "அனுபிஸ் நிஜமாகவே இருந்தாரா?" என்கிறாள். பெரியவன், "மோசே காலத்துப் பார்வோன் யார்? பிரமிடைக் கட்டியது இஸ்ரவேலரா?" என்று விடாமல் கேட்கிறான். எதை மாற்ற வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் பிள்ளைகள் கேட்பவை அருமையான கேள்விகள். அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். மாற்ற வேண்டியது நேரக் கணக்கைத்தான். வரைபடம், வண்ணம் தீட்டுதல், களிமண் வேலை எல்லாமே காலைக்குள் வந்துவிட்டால் ஒன்றரை மணி நேரம் ஆகத்தான் செய்யும். காலையில் கேட்பது, பாடுவது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, இவ்வளவு போதும். கைவேலை முழுவதும் வாரத்தில் ஒரு பிற்பகலுக்குப் போகட்டும்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாதபடி இப்படி வைத்துப் பாருங்கள்: பாட்டும் ஜெபமும் 7 நிமிடம், வேதவாசிப்பு 8, அதைத் திருப்பிச் சொல்ல 4, மனப்பாட வசனம் 3, எகிப்து வாசிப்பு 10, அதைத் திருப்பிச் சொல்ல 5, சுவரில் ஒட்டிய காலக்கோட்டைப் பார்க்க 2. சின்னவன் மனப்பாட வசனம் முடிந்ததும் எழுந்து போகலாம். இருக்க விரும்பினால் கையில் ஒரு உருண்டை களிமண் கொடுங்கள். கை வேலையாக இருந்தால் காது நன்றாகவே கேட்கும். திருப்பிச் சொல்லும்போது எப்போதும் இளையவரே முதலில் சொல்லட்டும். பெரியவன் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. வாசிப்பது ஒரே தடவைதான். "இன்னொரு தடவை வாசிப்பேன்" என்று தெரிந்தால் முதல் தடவை யாரும் கேட்கமாட்டார்கள். நடுவில் நிறுத்தி விளக்குவதையும் கேள்வி கேட்பதையும் விட்டுப் பாருங்கள். நேரம் அதிகம் கரைவது அங்கேதான்.

வேதவாசிப்புக்கு ஆதியாகமம் 37 முதல் 50 வரையும், யாத்திராகமம் 1 முதல் 15 வரையும் எடுத்தால் 29 அதிகாரங்கள். 12 வாரம், வாரத்துக்கு 4 நாள் என்றால் 48 காலைகள் கிடைக்கும். ஆகவே 57 வசனமுள்ள ஆதியாகமம் 41, 51 வசனமுள்ள யாத்திராகமம் 12 போன்றவற்றை இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை கூட இருக்கும்போது ஆதியாகமம் 38 வேண்டாம். பெரியவனோடு பிறகு வாசிக்கலாம். வேதவாசிப்பும் எகிப்து வாசிப்பும் ஒவ்வொரு நாளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று பாடுபடாதீர்கள். இரண்டும் தம் போக்கில் நகரட்டும். உண்மையாகவே தொட்டுக்கொள்ளும் இடங்கள் வரும்போது பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். யாக்கோபின் உடலுக்குச் சுகந்தவர்க்கமிட 40 நாள் ஆனது, எகிப்தியர் 70 நாள் துக்கம் காத்தார்கள் என்று ஆதியாகமம் 50 சொல்கிறது. மம்மி செய்யும் பாடத்தில், உடலை உப்பில் உலர்த்த ஏறக்குறைய 40 நாள், எல்லாம் முடிய 70 நாள் என்று படிக்கும்போது எட்டு வயதுப் பிள்ளை துள்ளிக் குதிக்கும். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிக் கெடுக்க வேண்டாம்.

பெரியவனின் கேள்விக்கு வருவோம். கிசா பிரமிடுகளை இஸ்ரவேலர் கட்டவில்லை. குஃபு என்ற பார்வோனின் பெரிய பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில், யாத்திராகமம் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியது. இதை வாயால் சொல்வதைவிட அளந்து காட்டுங்கள். ரசீது அச்சிடும் காகிதச் சுருள் ஒன்று வாங்கி, 10 ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் என்று கோடு போட்டு, கி.மு. 3000 முதல் கிறிஸ்து பிறப்பு வரை நடைபாதைச் சுவரில் ஒட்டுங்கள். 3 மீட்டர் வரும். குஃபுவுக்கும் மோசேக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் வெற்றுச் சுவர் நிற்பதைப் பையன் கண்ணால் பார்ப்பான். ராஜவம்சங்களைச் சம இடைவெளியில் எழுதிவிடுவது பலரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் பார்க்க வேண்டிய அந்த இடைவெளியே காணாமல் போகும்.

கட்டியது யார் என்றும் தெரியும். எகிப்திய வேலையாட்கள்தான். கிசாவிலேயே அவர்கள் தங்கிய ஊர், ரொட்டி சுட்ட அடுப்புகள், அவர்களுடைய கல்லறைகள் எல்லாம் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. 2013இல் செங்கடல் ஓரத்து வாதி அல்-ஜார்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் துரா கல்குவாரியிலிருந்து கிசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்ததை நாள்தோறும் குறித்துவைத்திருக்கிறார். அதே பாணியில் ஒரு வாரத்துக்கு வீட்டு நாட்குறிப்பு எழுதச் சொன்னால் பதினொரு வயதுப் பையனுக்கு நல்ல எழுத்துப் பயிற்சி.

வேதம் சொல்வது கல்லை அல்ல, செங்கல்லை. பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலைப் பட்டணங்கள், களிமண், வைக்கோல். இதற்கு ஒப்பாகக் காட்ட ஒரு படம் உண்டு: தீப்ஸில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், போரில் பிடிபட்ட அந்நியர்கள் தண்ணீர் மொண்டு, மண் குழைத்து, அச்சில் செங்கல் அறுக்கும் காட்சி. காலம் ஏறக்குறைய கி.மு. 1450. அவர்கள் இஸ்ரவேலர் என்று அங்கே எழுதியில்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள். யாத்திராகமம் 5 வாசிக்கும் வாரத்தில் மூன்று நிமிடம் படத்தைப் பேசாமல் பார்த்துவிட்டு, மூடிவைத்து, கண்டதைச் சொல்லச் சொன்னால் போதும்.

மோசே காலத்துப் பார்வோனின் பெயரை வேதம் சொல்லவில்லை. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியது வரை என்று 1 இராஜாக்கள் 6:1 சொல்லும் 480 ஆண்டை அப்படியே எண்ணுகிறவர்கள் கி.மு. 1446 என்கிறார்கள். ராமசேஸ் பட்டணத்தின் பெயரை வைத்துப் பார்க்கிறவர்கள் கி.மு. 13ஆம் நூற்றாண்டு, இரண்டாம் ராமசேஸ் காலம் என்கிறார்கள். எகிப்தியர் விட்டுச்சென்ற எழுத்துகளில் அந்தப் புறப்பாட்டைப் பற்றி நேரடிக் குறிப்பு இதுவரை கிடைக்கவில்லை. ஏறக்குறைய கி.மு. 1208ஐச் சேர்ந்த மெர்னெப்தா என்ற பார்வோனின் கல்வெட்டில் இஸ்ரவேல் என்ற பெயர் கானான் தேசத்து மக்களாக வருகிறது. 1896இல் அதைக் கண்டெடுத்தவர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர். இவ்வளவையும் பதினொரு வயதுப் பிள்ளை தாங்கும். காலக்கோட்டில் இரண்டு நிறத்தில் இரண்டு அட்டை ஒட்டி, இரண்டிலும் கேள்விக்குறி போடுங்கள். இன்று ஒரு பெயரை உறுதியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பதினெட்டு வயதில் அவன் வேறொன்றைப் படிக்கும்போது, ஆட்டம் காண்பது அந்தப் பெயர் மட்டுமாக இருக்காது.

நடுவளுக்கு நேரான பதில்: "இல்லை. எகிப்தியர் அப்படி நம்பினார்கள்." இந்த ஒரே வாக்கியம் எல்லாத் தெய்வங்களுக்கும் போதும். நாலைந்து பெயருக்கு மேல் வேண்டாம். அவற்றை மனப்பாடம் செய்யவும் வேண்டாம். ஆனால் அவர்கள் நம்பிக்கையைக் கேலி செய்யவும் விடாதீர்கள். இறந்தவரின் இருதயத்தை, உண்மைக்கும் நீதிக்கும் தெய்வமான மாஅத்தின் இறகோடு தராசில் நிறுத்தும் காட்சியைக் காட்டுங்கள். அந்த மனிதருக்கும் தம் இருதயம் சோதிக்கப்படும் என்ற பயம் இருந்தது. இருதயங்களை நிறுத்துப் பார்க்கிறவர் கர்த்தர் என்ற நீதிமொழிகள் 21:2ஐ அந்த வாரத்து மனப்பாட வசனமாக வைத்தால் பேச்சு தானாக வரும். பத்து வாதைகளுக்கும் பத்துத் தெய்வங்களைப் பொருத்தும் அட்டவணைகளைத் தவிர்க்கலாம். எகிப்தின் தேவர்கள்மேல் நியாயத்தீர்ப்பு என்று யாத்திராகமம் 12:12 சொல்கிறது. எந்த வாதை எந்தத் தெய்வத்துக்கு என்று சொல்லவில்லை. தவளைக்கு, தவளைத் தலையுள்ள ஹெகெத் தெய்வம் பொருந்துகிறது. பேனுக்குச் சொல்லப்படுவது இழுத்துக் கட்டியது.

கைவேலைக்குக் கோழியை மம்மி செய்யும் திட்டம் பிரபலம். ஐந்து வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் அது வேண்டாம்: ஆறு வாரம் ஆகும், ஈரமான உப்பை மாற்றத் தவறினால் நாறும், பச்சைக் கோழியில் கிருமி. ஆப்பிள் போதும். ஒரு ஆப்பிளை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். நான்கு கிண்ணம்: ஒன்றில் துண்டு மட்டும், ஒன்றில் அரை கப் உப்பு, ஒன்றில் அரை கப் சமையல் சோடா, ஒன்றில் இரண்டும் கால் கால் கப். எகிப்தியர் பயன்படுத்திய நேட்ரான் உப்பிலும் இந்தக் கடைசிக் கலவையின் இரண்டு சரக்குகளும் உண்டு. தூள் போட்ட கிண்ணங்களில் துண்டு முழுவதும் தூளால் மூட வேண்டும். மூடாத இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கிண்ணத்துக்கு மூடி போட்டால் ஈரம் வெளியேறாது. ஏழாம் நாள் தூளைத் தட்டிவிட்டு மறுபடி நிறுங்கள். தண்ணீரில் கழுவினால் கணக்கு கெட்டுவிடும். யாரும் ருசி பார்க்க வேண்டாம்.

இரண்டாம் ராமசேஸ் வரும் நாளில் ஆளுக்கு ஒரு மிளகைக் கையில் கொடுங்கள். அவருடைய மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. மிளகுக்கொடியின் சொந்த ஊர் நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்.

வாரங்கள் பின்தங்கினால் முதலில் விட வேண்டியது சித்திர எழுத்து வேலைத்தாள்கள், அடுத்து ராஜவம்சப் பட்டியல். கடைசி இரண்டு வாரத்தை மட்டும் விடாதீர்கள். மோசேக்குப் பிறகும் எகிப்து வேதத்தில் தொடர்கிறது: எருசலேமுக்கு எதிராக வந்த எகிப்தின் ராஜா சீஷாக், கி.மு. 609இல் மெகிதோவில் யூதாவின் ராஜா யோசியாவைக் கொன்ற பார்வோன் நேகோ, கடைசியாக மத்தேயு 2இல் ஏரோதிடமிருந்து தப்பித்த குழந்தைக்கு இடம் கொடுத்த தேசம். இவை மூன்றுக்கும் மூன்று காலைகளும் காலக்கோட்டில் மூன்று அட்டைகளும் போதும்.