விண்டோஸ் இல்லாத லேப்டொப்: வாங்கலாமா, விடலாமா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் ஐசிடி படிக்கிறாள். பம்பலப்பிட்டியில் லேப்டொப் பார்த்தோம். ஒரே மொடல்தான், ஆனால் 'டொஸ்' என்று எழுதியிருப்பது, அதாவது விண்டோஸ் போடாதது, விண்டோஸ் உள்ளதை விட 35,000 ரூபாய் குறைவு. "குறைஞ்சதை எடுங்கோ, 1,500 ரூபாய்க்கு நாங்களே விண்டோஸ் போட்டுத் தாறம்" என்கிறார் கடைக்காரர். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையைப் போட்டால் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை என்கிறாள் மகள். சும்மா தருகிற சாமானை எப்படி நம்புவது?
(ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: மகள் சொல்வதைக் கேட்கலாம். காசு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த 1,500 ரூபாய். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் பட்டியல் விலை 139 அமெரிக்க டொலர். நம் காசில் 40,000 ரூபாயைத் தாண்டும். அதை யாராலும் 1,500க்கு ஒழுங்காகத் தர முடியாது. அவர் போடப்போவது அநேகமாகப் பூட்டு உடைத்த பிரதி. அப்படிப்பட்ட பிரதியை இயங்கவைக்கும் நிரல்கள் பல, வைரஸ் காப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரும். கூடவே வேறு என்ன வந்தது என்பது கடைக்காரருக்கும் தெரியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, சும்மா தருவது பற்றி. லினக்ஸை 1991இல் தொடங்கியவர் பின்லாந்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். இன்று இன்டெல், கூகிள் போன்ற நிறுவனங்கள் பொறியியலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து அதை வளர்க்கின்றன, ஏனென்றால் அவர்களுடைய சொந்த வேலையே அதன்மேல்தான் ஓடுகிறது. நிரலுக்கு விலை கிடையாது, பராமரிப்புச் சேவைக்குக் காசு. அப்படித் தொழில் செய்த ரெட் ஹெட் நிறுவனத்தை ஐபிஎம் 2019இல் சுமார் 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ரொய்ட் போன் என்றால், அதன் கருவும் லினக்ஸ்தான். இவ்வளவு காலமும் நம்பித்தான் இருக்கிறீர்கள்! நம் நாட்டிலும் 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்காக எழுதப்பட்ட 'சஹானா' என்ற மென்பொருள், யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளாகத்தான் வெளிவந்து பிற நாடுகளுக்கும் போனது. இதெல்லாம் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். விற்று லாபம் வராத ஒன்றைப் பற்றி விற்பனையாளர் ஏன் வாய் திறக்க வேண்டும்?

சோதனை இதுதான். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ஏற்றிக் கொண்டுபோங்கள். அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும், டேட்டா பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கே இது தெரிந்திருக்கும். லேப்டொப்பில் எதையும் பதியாமல் பென் டிரைவிலிருந்தே அதை ஓடவிடலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கெமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மிகப் புதிய மொடல்களில் வைஃபை சில நேரம் அடம்பிடிக்கும். அப்படியென்றால் வேறு மொடல் பாருங்கள். சோதிக்க விடமாட்டேன் என்றால் அடுத்த கடை பத்து எட்டு தூரத்தில்தானே இருக்கிறது.

வீட்டிலுள்ள பிரின்டரையும் கணக்கில் எடுங்கள். பலரிடம் இருக்கும் கெனன் எல்பிபி 2900 லினக்ஸில் சரியான தலைவலி. படிப்புக்குக் குறை வராது: பைத்தன் ஓடும், ஸூம் ஓடும், கட்டுரை எழுத லிபரே ஒஃபிஸ் போதும். தமிழ் தட்டச்சுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும்.

கேள்வி: சிறிய அச்சுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாண அட்டை, நோட்டீஸ் வேலை. மூன்று கணினியிலும் விண்டோஸ் 10. பதினொன்று ஏறாது என்கிறார்கள். மூன்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடவா?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: மூன்றையும் வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது உண்மை. பதிவு செய்தவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. ஆனால் உங்கள் பிழைப்பு போட்டோஷொப்பிலும் பேஜ்மேக்கரிலும் என்றால், அவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. லிபரே ஒஃபிஸ் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும்தான். பாமினி எழுத்துருவையும் அதில் போட்டுக்கொள்ளலாம். அதை நம்பி முகூர்த்தத்துக்கு முதல் வாரம் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், வரிகள் இடம் மாறி நிற்கும்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவைச் செருகுகிற கணினியை. ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென் டிரைவ் அதில் ஏறி இறங்குகிறது! விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் லினக்ஸில் ஓடாது. ஆனால் கோப்போடு சேர்ந்து அடுத்த கணினிக்குப் போகலாம், எனவே தேவையான கோப்பை மட்டும் எடுத்து அனுப்புங்கள். பில், மின்னஞ்சல் எல்லாம் அதிலேயே பார்க்கலாம். 4 ஜிபி ரெம் உள்ள பழைய கணினிக்கு மின்ட் தாராளம். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. மற்ற இரண்டில் வடிவமைப்பு வேலை விண்டோஸிலேயே நடக்கட்டும், இணையத்தை மட்டும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் போட்டதால் வொரண்டி இல்லை என்று கடையில் சொல்கிறார்கள். பழுதானது விசைப்பலகை. விட்டுவிட வேண்டியதுதானா?
(தெஹிவளை வாசகி)

பதில்: ஏன் விட வேண்டும்? வொரண்டி அட்டையை எடுத்து வாசியுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் வன்பொருளுக்குத்தான், பணிசெயல் முறைமையை மாற்றினால் ரத்து என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியில்லையென்றால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கிவருவார்கள். வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், துரித இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், காலக்கெடு 3 மாதம், எனவே தள்ளிப்போடாதீர்கள். பற்றுச்சீட்டையும் வொரண்டி அட்டையையும் பிரதி எடுத்து இணையுங்கள், மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.