வாசகர் கேள்வி பதில்: உவர் ஏறின வயலை இறாலுக்குக் குடுக்கலாமோ?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் வெள்ளவத்தையில இருக்கிறம். அப்பாவின்ர வயல் 12 பரப்பு யாழ்ப்பாணத்தில உப்பாற்றுக் களப்புக்குக் கிட்ட கிடக்கு. உவர் ஏறிட்டுது எண்டு விதைக்காமல் விட்டாச்சு, கிணத்துத் தண்ணியும் கரிக்குதாம். இப்ப ஒருத்தர் இறால் குளம் வெட்டக் குத்தகைக்குக் கேக்கிறார். குடுக்கலாமோ?

பதில்: குடுக்காதேங்கோ தங்கச்சி. உவர் ஏறின வயலை மழை கழுவும், ஆனா குளம் வெட்டி மாதக்கணக்கா உப்புத்தண்ணி தேக்கினா உப்பு அடிமண் வரைக்கும் இறங்கி பக்கத்து வயலுக்கும் கிணத்துக்கும் போயிடும், பிறகு அவையளுக்கு ஆர் பதில் சொல்லுறது? புத்தளம், சிலாபம் பக்கம் 80களில இருந்து எத்தினை பேர் இறாலுக்கு இறங்கினவை, 1996ல வெண்புள்ளி நோய் வந்து பண்ணை பண்ணையா அழிஞ்சு, கனக்கக் குளங்கள் கைவிட்டபடி கிடந்தது. சட்டமும் இருக்கு, 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி நெல்லுக்காணியை எழுத்தில அனுமதி இல்லாமல் வேற தேவைக்கு மாத்தேலாது.

முதல்ல கிணத்தைப் பாருங்கோ. குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கின மழைத்தண்ணிதான் உப்புத்தண்ணிக்கு மேல எண்ணெய் மாதிரி மிதக்குது. கடல்மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நிண்டா, கீழ கிட்டத்தட்ட 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும் எண்டது கணக்கு, அப்ப மேல கொஞ்சம் இறங்கினாலே கீழ இருந்து உப்பு எவ்வளவு ஏறும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. துலாவில இறைச்ச காலத்தில கிணறு ஊற நேரம் கிடைச்சுது, இப்ப மோட்டரைப் போட்டு அடிமட்டும் இழுக்கினம். கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டு இறைக்கச் சொல்லுங்கோ.

வயலுக்கு, ஐப்பசி மழைக்கு முன்னமே வரம்பை உயத்தி உடைப்பெல்லாம் அடைச்சு வையுங்கோ. முதல் மழைத்தண்ணியை வயலுக்குள்ள நிக்கவிட்டு, உப்புக் கரைஞ்சாப் பிறகு வாய்க்காலால வெட்டி விடுங்கோ, திரும்பவும் கட்டுங்கோ. வெள்ளையாப் பூத்துக் கிடக்கிற இடம் குறையக் குறையத் தெரியும். நெல்லு முளைச்சு இளம்பயிரா நிக்கேக்கையும் பூக்கேக்கையும்தான் உப்பைத் தாங்காது, அதால அவசரப்பட்டு விதைக்க வேண்டாம். அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்து ஏ.டி. 354 உவர் தாங்குற இனம், மூண்டரை மாதம், கமநல சேவை நிலையத்தில விதைநெல்லுக்குச் சொல்லி வையுங்கோ, மண்ணையும் குடுத்து உப்பு அளவு பாக்கலாம். சின்ன வெங்காயம் மட்டும் அந்த மண்ணில வேண்டாம், அது உப்புக்குச் சுத்தமா நிக்காது.

இன்னொண்டு, அரியாலையிலயும் தொண்டைமானாத்திலயும் 1950களில தடுப்பணை கட்டினது கடல்தண்ணி உள்ள வராமல் மறிச்சு மழைத்தண்ணியைக் களப்பில தேக்கத்தான். கதவுகள் பழுதாகின காலத்தில கடல் உள்ள வந்து எவ்வளவு வயல் கெட்டது! மழைக்கு முன்னம் அந்தக் கதவுகள் என்ன நிலைமையில கிடக்கு எண்டு உங்கட ஊர்க் கமக்காரர் அமைப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்திட்டக் கேக்க வேணும், நீங்கள் கொழும்பில இருந்தாலும் காணிக்காரர்தானே, ஒரு கடிதம் போடுங்கோ.

கேள்வி: கொட்டாஞ்சேனையில இருந்து எழுதுறன். மன்னாரில கடற்கரைக் காணி எல்லைக்குப் பனை வைக்கலாமோ?

பதில்: தாராளமா வையுங்கோ, பனை உப்புக்காத்தைத் தாங்கும். கண்டைப் பிடுங்கி நட்டால் பிழைக்கிறது கஷ்டம், கிழங்கு நேரா ஆழத்துக்குப் போயிடும், அதால மழை தொடங்கேக்க விதையையே வைக்கிற இடத்தில புதையுங்கோ. ஆணோ பெண்ணோ எண்டு பூக்கும்வரைக்கும் தெரியாது, பூக்கப் பத்துப் பன்ரண்டு வருசத்துக்கு மேல ஆகும், அதால கொஞ்சம் கூடவே வையுங்கோ.