பழைய பல்சரில் 140 டயர் போடலாமா? அகல டயர் வண்டி வளைவில் ஏன் படுக்க மறுக்கிறது?

கேள்வி இதுதான்: "என்னிடம் பழைய பல்சர் 150 இருக்கிறது. பின்னால் 100/90-17 டயர். அதைக் கழற்றிவிட்டு 140/70-17 போடலாம் என்று ஆசை. அகல டயர் போட்ட வண்டி வளைவில் திரும்ப அடம்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?"

உண்மைதான். ஆனால் பழியை முழுக்க அகலத்தின் மேல் போட முடியாது. (டயர் அளவில் முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்.) முன் டயர், பின் டயர், ரிம் மூன்றும் ஒரு செட். கடையில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம் இழுக்கும். உங்கள் வண்டிக்கு 140 வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் தெரிய வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

வண்டி நேராகப் போகும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுக்கோட்டில் இருக்கிறது. சாய்த்தால் அது சாய்ந்த பக்கமாக நகரும். டயர் அகலமானால் நகரும் தூரமும் அதிகம். 22 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். அகலமே இல்லாத டயராக இருந்தால் 30 டிகிரி சாய்ந்தால் போதும். டயரின் குறுக்குவெட்டை அரைவட்டமாகவும், வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையத்தைத் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும் வைத்துக் கணக்குப் போட்டால், 100 மி.மீ. டயருக்கு இன்னும் இரண்டரை டிகிரி போல் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருக்கும். 240 மி.மீ. டயர் என்றால் கூடுதல் 7 டிகிரி. முன்னாலும் பின்னாலும் அதே அகலம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. முன் டயர் ஒல்லியாக இருந்தால் கொஞ்சம் குறையும். ஆனால் 240 டயரோடு வருவது பெரும்பாலும் குரூசர், அதாவது காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் தாழ்வான பெரிய வண்டி. அது அவ்வளவு சாய்வதற்குள் ஃபுட்பெக் (கால் வைக்கும் கம்பி) தரையில் உரச ஆரம்பித்துவிடும்.

இதைவிடத் தொல்லை கொடுப்பது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம். ஹார்லி பிரேக்அவுட்டின் பழைய மாடல், சுசுகி இன்ட்ரூடர் எம்1800ஆர் இரண்டிலும் முன்னால் 130, பின்னால் 240. 30 டிகிரி சாய்க்கும்போது முன் டயரின் தொடும் இடம் சுமார் 32 மி.மீ. உள்ளே போகிறது, பின் டயருடையது 60 மி.மீ. போகிறது. இடதுபக்கம் திரும்பும்போது இரண்டு தொடும் இடங்களையும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள், அந்தக் கோடு வண்டியின் நடுக்கோட்டிலிருந்து லேசாக வலதுபக்கம் பார்க்கும். அதாவது வளைவுக்கு வெளியே. "ஹேண்டிலை விட்டா நிமிர்ந்துடுது, பிடிச்சு அழுத்திக்கிட்டே இருக்கணும்" என்று குரூசர் வைத்திருப்பவர்கள் புலம்புவதற்குப் பெரிய காரணம் இதுதான். அகலத்தோடு சக்கரத்தின் எடையும் கூடுவதால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றிச் சாய்ப்பதும் மந்தமாகிவிடும்.

அப்படியானால் 240 டயர் போட்ட எல்லா வண்டியும் கட்டைவண்டிதானா என்றால், டுகாட்டி டயவல் இருக்கிறது. அதிலும் பின்னால் 240/45-17. ஆனால் முன்னால் வழக்கமான ஸ்போர்ட்ஸ் பைக் அளவான 120/70-17. பின் டயரின் வளைவு வடிவத்தை பிரெல்லி நிறுவனம் இந்த வண்டிக்கென்றே உருவாக்கியது. 41 டிகிரி வரை சாயலாம் என்று டுகாட்டியே சொன்னது. ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் பலர் ஆச்சரியப்பட்டு எழுதினார்கள். அதே 240 தான். சுற்றியுள்ள வேலையை யார் எவ்வளவு செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சரி, பல்சருக்கு வருவோம். 2018-ல் பஜாஜ் இதே பல்சர் 150-க்கு இரட்டை டிஸ்க் மாடல் கொண்டுவந்தபோது பின் டயரை 120/80-17 ஆக்கியது. கூடவே முன் டயரை 80/100-லிருந்து 90/90 ஆக்கியது, முன் ஃபோர்க்கைத் தடிமனாக்கியது, வீல்பேஸையும் (இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம்) நீட்டியது. வண்டியைச் செய்த கம்பெனியே 20 மி.மீ. கூட்டுவதற்கு இவ்வளவு செய்திருக்கிறது. நீங்கள் ஒன்றையும் தொடாமல் 40 மி.மீ. கூட்டப் போகிறீர்கள்.

அடுத்தது ரிம். சென்னையில் வண்டிக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டாலும் புதுப்பேட்டையில் கேட்டாலும் "உட்காரும் சார், நிறைய பேருக்குப் போட்டிருக்கோம்" என்பார்கள். உட்காரும்தான், எப்படி உட்காருகிறது என்பதுதான் கேள்வி. 100/90-17 டயருக்கு ஏற்ற ரிம் அகலம் 2.5 அங்குலம். 140/70-17-க்கு 4 அங்குலம் வேண்டும், குறைந்தது மூன்றரையாவது. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலம் ஏறக்குறைய 5 மி.மீ. சுருங்கும் என்பது பொதுவான கணக்கு. ஆக, 140-க்குக் காசு கொடுத்து, ரிம்மில் மாட்டிய பிறகு 125 போல் ஒரு டயரைத்தான் ஓட்டுவீர்கள். அதுவும் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு, நடுப்பகுதி கூராகித் தூக்கிக்கொண்டு நிற்கும்.

என் மச்சான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பல்சரில் இந்த வேலையை முதல் ஓனர் ஏற்கெனவே செய்துவைத்திருந்தார். நேர் ரோட்டில் குறையே தெரியவில்லை, பார்வைக்கும் கம்பீரமாக இருந்தது. கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுகளில் ஏறும்போதுதான் தெரிந்தது. சாய்க்கத் தொடங்கினால் முதலில் சட்டென்று விழுவதுபோல் இருக்கும், அப்புறம் டயரின் பக்கச்சுவர் நெளிந்து பின்பக்கம் மெல்ல ஆடும். அதே வண்டியை ஏலகிரிக்குக் கொண்டுபோனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்து டயரைப் பார்த்தால் இரண்டு ஓரமும் கடையில் வாங்கியபோது இருந்ததுபோல் பளபளவென்று இருந்தது, ரோட்டைத் தொடவே இல்லை. அடிக்கடி காற்று வேறு இறங்கியது. பஞ்சர் கடை அண்ணன் டயரின் ஓரத்தைப் பார்த்துவிட்டு, "ரிம்ல சரியா ஒக்காரல தம்பி, காத்து இறங்கிக்கினேதான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். டியூப்லெஸ் டயரில் இது சில்லறைப் பிரச்சினை இல்லை. காற்று குறைந்த நிலையில் வேகமாக வளைந்தால் டயர் ரிம்மை விட்டு விலகும் ஆபத்து உண்டு.

"ஆனா கிரிப் கூடுமே" என்று அடுத்து கேட்பீர்கள். பின்சக்கரத்தில் 120 கிலோ பாரம், காற்று 28 பி.எஸ்.ஐ. என்று வைப்போம். 28 பி.எஸ்.ஐ. என்பது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 2 கிலோ. ஆக, தரையைத் தொடும் பரப்பு சுமார் 60 சதுர செ.மீ. டயர் 100 ஆனாலும் 140 ஆனாலும் கிட்டத்தட்ட அதே 60 தான். அகல டயரில் அது குறுக்கே நீண்டு, முன்பின்னாகக் குட்டையாகிறது, அவ்வளவே. லிட்டர் கிளாஸ் (1000 சிசி) சூப்பர்பைக்கில் 200 குதிரைத்திறன் உண்டாக்கும் சூட்டைத் தாங்க அகல டயர் தேவை. பல்சர் 150-ன் சக்தி சுமார் 14 குதிரைத்திறன். பழைய டயரே அதை நிம்மதியாகத் தாங்கும். நல்ல ரப்பரில் செய்த 100 டயர் வாங்கினால் கிரிப் கண்டிப்பாகக் கூடும், செலவும் குறைவு.

சென்னையில் ஓட்டுபவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள் சேரும். நம் ஊர் தட்டை, ஈசிஆரும் ஜிஎஸ்டி ரோடும் பெரும்பாலும் நேர். அதனால் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து சப்பையாகிறது. அகல டயரில் இந்தச் சப்பை இன்னும் பரந்து கிடக்கும், சாய்க்கும்போது அறுகோணப் பென்சிலை உருட்டுவதுபோல் ஒரு விளிம்பைத் தாண்டி விழும். புது ரோடு போடுவதற்கு முன் பழைய தாரைச் சுரண்டி வரிவரியாக விட்டுவைக்கிறார்களே, அதில் அகல டயர் வரியைப் பிடித்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு இழுக்கும். இரவில் அந்த ரோட்டில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் வேகத்தைக் குறைத்துப் போய்விடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது ஒல்லி டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், அகல டயருக்குத் தண்ணீரை ஒதுக்க வேண்டிய வேலை அதிகம். டயரின் பட்டன் (மேல்பக்க வரிப்பள்ளங்கள்) தேய்ந்திருந்தால் மிதக்கவே ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே அகல டயர் போட்டுவிட்டு ஆட்டத்தோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், டயரைத் திட்டுவதற்கு முன் சில இடங்களைப் பார்த்துவிடுங்கள். காற்று முதல் சந்தேகம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் போயிருந்தால் கையிலேயே தெரியும். முன்பக்கம் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்) நடுவில் குழிவிழுந்து மாட்டினாலும் வண்டி மெதுவாகப் போகும்போது இங்கும் அங்கும் அலையும். செயின் டயரில் உரசுகிறது என்று வாஷர் வைத்துச் சக்கரத்தைத் தள்ளியிருந்தால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாமல் போயிருக்கும். இது எதிலும் குறை இல்லை என்றால் மட்டும் டயரைக் குற்றம் சொல்லலாம்.

உங்கள் அலாய் வீலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், 17 x எம்டி 2.50 என்பது மாதிரி ஒரு எண் வார்த்திருக்கும். கடைசி எண்தான் ரிம் அகலம். அது 2.50 ஆக இருந்தால் 120/80 வரை போகலாம், அதுவே விளிம்பு. ஸ்விங் ஆர்முக்கும் செயினுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதையும் போட வேண்டும். அதைவிடக் குறைவு என்றால் 100/90-லேயே நல்ல டயராகப் பார்த்து வாங்குங்கள். 140 மேல் உள்ள ஆசை அப்படியும் போகவில்லை என்றால், 140/60-17-ஐக் கம்பெனியே போட்டுக் கொடுக்கும் யமஹா எஃப்.இசட். 2008-லிருந்தே இருக்கிறது, பழையது ஒன்று பாருங்கள்.