நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஒரு கரட் வைரம்தான் வேண்டுமா?

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு செட்டியார் தெருவுக்குப் புறப்படுமுன் இதைக் கேட்டது நல்லது, தம்பி. ஒரு கரட் கட்டாயமில்லை. கரட் என்பது எடை மட்டுமே, 0.2 கிராம். ஒளியைத் தருவது வெட்டு, அதாவது கல்லைப் பட்டை தீட்டிய விதம். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆழம் கூடிய கல்லில் ஒளி பக்கவாட்டில் கசிந்து நடுப்பகுதி இருண்டு தெரியும். வெட்டு நன்றாக இருந்தால் 0.90 கரட் போதும். எடை ஒரு கரட்டைத் தொட்டதும் விலை தாவிவிடும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் நிறத்தில் ஜே தரமே (நிறமற்ற டி முதல் மஞ்சள் சாயும் இசட் வரையான வரிசையில் ஒரு படி) தாராளம், கல்லின் மெல்லிய மஞ்சள் தங்கத்தோடு கலந்துவிடும். கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வைரங்களைத் தரம்பிரிக்கும் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.யின் சான்றிதழைக் கட்டாயம் கேளுங்கள். கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால் உருப்பெருக்கியில் பார்த்துச் சான்றிதழ் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆய்வுகூடத்தில் உருவாக்கிய வைரமும் உண்மையான வைரமே, விலையும் மிகக் குறைவு. ஆனால் பின்னர் விற்க நினைத்தால் கைகொடுக்காது.