"என் வரிப்பணத்துலதானே அவ படிக்கிறா?"

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எங்க ஊரு குமாரபாளையம். அப்பா இல்ல, அம்மா தறி ஓட்டித்தான் எங்களை வளத்தாங்க. நான் 2009ல ஒரு சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்ல பேங்க் லோன் வாங்கிப் படிச்சேன், இப்ப சென்னையில ஐடி வேலை. அந்த லோனைக் கட்டி முடிக்க ஏழு வருஷம் ஆச்சு. எங்க பாப்பா என்னைவிட பதினோரு வயசு சின்னவ, டெல்லியில ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்துல எம்.ஏ. படிக்கிறா. ஹாஸ்டல் ஃபீஸ் ஏத்திட்டாங்கன்னு மூணு வாரமா பசங்கெல்லாம் கேட் முன்னாடி உக்காந்திருக்காங்க. அவ கோஷம் போடற வீடியோவை சித்தப்பா குடும்ப க்ரூப்ல போட்டுட்டார். ஆத்திரத்துல நான், "என் வரிப்பணத்துல ஓசியில படிச்சுட்டு ரோட்ல உக்காந்திருக்கியே, வெக்கமா இல்லையா"ன்னு எழுதிட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் அதுக்கு தம்ஸ் அப் போட்டாங்க. அன்னைல இருந்து அவ என் போனை எடுக்கறதில்ல. அம்மா, போய்க் கூட்டிட்டு வந்துருன்னு அழறாங்க. நான் கேட்டதுல என்ன தப்பு? அவளை எப்படிப் புரிய வைக்கறது?

பதில்: தம்பி, உங்க கடுதாசியில ஒரு வரியில நான் நின்னுட்டேன். ஏழு வருஷம் லோன் கட்டினேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரி. மாசா மாசம் சம்பளம் வந்ததும் முதல்ல பேங்குக்குப் போயி, மிச்சத்துல ரூம் வாடகை, மிச்சத்துல அம்மாவுக்கு, இப்படி இருபதுகள் முழுக்க ஓடிப்போன ஒரு பையனுக்கு, தங்கச்சி ஃபீஸ் கூடிருச்சுன்னு ரோட்ல உக்காந்திருக்கறதைப் பாத்தா நெஞ்சு எரியத்தான் செய்யும். எனக்காக எவன் வந்து உக்காந்தான்னுதான் தோணும். அந்த எரிச்சலை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன்.

ஆனா இன்னொண்ணையும் யோசிச்சுப் பாருங்க. நீங்க சேந்தது 2009. தமிழ்நாட்டுல முதல் பட்டதாரிக்கு டியூஷன் ஃபீஸ் சலுகை வந்தது 2010-11ல. வீட்ல முதல் ஆளா, கவுன்சிலிங் வழியா தொழிற்கல்விக்குப் போற பிள்ளைக்கு அரசாங்கமே டியூஷன் ஃபீஸைக் கட்டுற திட்டம் அது. ஒரே ஒரு வருஷம் தள்ளிப் பொறந்திருந்தா உங்க லோன்ல ஒரு நல்ல பங்கு இருந்திருக்கவே இருக்காது. உங்களுக்கு நடந்தது அநியாயம் தம்பி. அது தங்கச்சிக்கும் நடக்கணும்னு நீங்க நினைக்கல, தெரியும், ஆனா அந்த க்ரூப்ல நீங்க எழுதின வரியைப் படிச்சா அப்படித்தான் கேக்குது.

சரி, வரிப்பணத்துக்கு வர்றேன், ஏன்னா இதை உங்ககிட்ட மட்டும் இல்ல, பஸ்லயும் கல்யாண வீட்டுலயும் எல்லா இடத்துலயும் கேக்குறேன். "நாம வரி கட்டுறோம், அவனுங்க படிக்காம போராட்டம் பண்றானுங்க." இதுல நாமன்னா யாரு? வருமான வரி கட்டுறவங்க மட்டும்தான் நாமளா? உங்க அம்மா போனுக்கு ரீசார்ஜ் பண்ணும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி போகுது. சோப்புல, பிஸ்கட்ல, தறிக்கு வாங்குற நூல்ல, பெட்ரோல்ல, எல்லாத்துலயும் அவங்க வரி கட்டிட்டுத்தான் இருக்காங்க. அதுக்கு உங்க கம்பெனி தர்ற மாதிரி ஃபார்ம் 16, அதான் வரி பிடிச்சதுக்கான சான்று, குடுக்க ஆளில்ல, அவ்வளவுதான் வித்தியாசம். உங்க பாப்பா படிக்கிற சீட்டுல உங்க பணம் இருக்கற மாதிரியே அம்மா பணமும் இருக்கு, பாப்பா தினமும் குடிக்கிற டீயில கட்டுற வரியும் இருக்கு. இதை ஓசின்னு சொல்லலாமா?

ஃபார்ம் 16ன்னு சொன்னதும் ஞாபகம் வருது, உங்களோடதை எடுத்துப் பாருங்க. கீழ 'ஹெல்த் அண்ட் எஜுகேஷன் செஸ்'னு ஒரு வரி இருக்கும், உங்க வரிக்கு மேல 4 சதவீதம். 2018க்கு முன்னாடி இது 3 சதவீதம், அதுல 1 சதவீதம் 2007ல கொண்டு வந்தது, உயர்நிலைப் பள்ளிக்கும் உயர்கல்விக்கும்னே. அந்த 1 சதவீதத்துல 2016-17 வரைக்கும் வசூலானது 83,000 கோடிக்கு மேல. அதைப் போட்டு வைக்க தனியா ஒரு நிதியே தொடங்கல, எந்தத் திட்டத்துக்குன்னு அடையாளம் காட்டவும் இல்லன்னு சிஏஜி, அதான் மத்திய தணிக்கைத் துறை, அறிக்கையில எழுதிச்சு. நீங்க 2013ல வேலைக்குச் சேந்திருந்தா உங்க முதல் நாலு வருஷப் பணமும் அதுல சேத்தி. உங்க வரிப்பணம் எங்க போச்சுன்னு கோவப்படணும்னா நியாயமா இங்க கோவப்படுங்க. நான் கோவப்படுறேன்.

செலவுக்குப் பணம் எங்க இருக்குன்னு கேப்பீங்க. 2019 செப்டம்பர் 20ஆம் தேதி கம்பெனிகளுக்கான வரியை 30ல இருந்து 22 சதவீதமா குறைச்சாங்க, அதனால அரசாங்கத்துக்கு வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வருமானம் குறையும்னு நிதியமைச்சரே சொன்னாங்க. வேலைவாய்ப்பு பெருகும்னு ஒரு வாதம் இருக்கு, இருக்கட்டும், பேசலாம். ஆனா ரெண்டே மாசத்துல, நவம்பர்ல, டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகத்துப் பசங்க ஹாஸ்டல் ஃபீஸுக்காக ரோட்டுக்கு வந்தப்ப நாடு முழுக்க என்ன பேசுனோம்? "மாசம் 20 ரூவா வாடகைக்கு இருந்துட்டு 600 கட்ட வலிக்குதா" அப்படின்னு. அந்த 20 ரூவாதான் எல்லார் வாயிலயும் ஓடிச்சு. தனி ரூம் வாடகை 20ல இருந்து 600, ரெண்டு பேர் ரூம் 10ல இருந்து 300, அது நிஜம். ஆனா அதோட புதுசா மாசம் 1,700 ரூவா சர்வீஸ் சார்ஜ் வந்துச்சு, கரண்டும் தண்ணியும் தனி, மெஸ் டெபாசிட் 5,500ஐ 12,000 ஆக்குனாங்க (டெபாசிட்டை அப்புறம் பழையபடி ஆக்கிட்டாங்க). 20 ரூவாயைப் பத்திப் பேசுன நாம யாரும் அந்த 1,700ஐப் பத்திப் பேசல. அந்தப் பல்கலைக்கழகத்தோட 2017-18 ஆண்டறிக்கைப்படியே அந்த வருஷம் அங்க சேந்த பசங்கள்ல ஏறக்குறைய 40 சதவீதம் பேர் மாச வருமானம் 12,000க்கும் கீழ உள்ள குடும்பத்துல இருந்து வந்தவங்க. அடுத்த ஜனவரியில டெல்லி ஹைகோர்ட்டு, பழைய ஃபீஸ்லயே இப்போதைக்குப் பதிவு பண்ணிக்க விடுங்கன்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. நியாயமே இல்லாத கூச்சலா இருந்தா அப்படி ஒரு உத்தரவு வந்திருக்குமா?

ஃபீஸ் ஏன் இப்படி ஏறுதுங்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கு, பல பேருக்குத் தெரியாது. முன்னெல்லாம் கட்டடம், லேப், ஹாஸ்டல் கட்ட மத்திய அரசு மானியம் குடுக்கும். 2017ல கனரா பேங்கோட சேந்து ஹெஃபான்னு ஒரு நிறுவனம் தொடங்குனாங்க, அதுல இருந்து பல்கலைக்கழகங்கள் கடனா வாங்கிக்கணும், அசல்ல ஒரு பங்கைச் சொந்த வருமானத்துல இருந்து திருப்பிக் கட்டணும். பல்கலைக்கழகத்துக்கு என்ன சொந்த வருமானம், தறியா ஓட்டுறாங்க? பெரும்பாலும் ஃபீஸ்தான். கடைசியில அந்தக் கடன் எங்கயோ ஒரு பிள்ளையோட ஹாஸ்டல் பில்லுல வந்து நிக்குது.

வசதி இருக்கறவங்க கட்டட்டுமே, இல்லாதவங்களுக்குச் சலுகை குடுக்கட்டுமேன்னு ஒரு யோசனை உண்டு, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். ஐஐடியில 2016ல ஃபீஸை 90,000ல இருந்து 2 லட்சம் ஆக்குனப்ப அப்படித்தான் பண்ணாங்க, எஸ்சி எஸ்டி பசங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருஷ வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ உள்ளவங்களுக்கும் முழு விலக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இருபத்தேழு வருஷம் ஒரு அரசு கலைக் கல்லூரியில பாடம் எடுத்த அனுபவத்துல சொல்றேன், சலுகை பேப்பர்ல இருக்கும், அது கைக்கு வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை நின்னுரும். தாலுக்கா ஆபீஸுக்கு வருமானச் சான்றுக்கு நாலு நடை, ஒவ்வொரு நடைக்கும் அம்மாவோட ஒருநாள் கூலி போகும். ஸ்காலர்ஷிப் வரும்போது வருஷமே முடிஞ்சிருக்கும்.

தமிழ்நாட்டுல அரசு கலைக் கல்லூரியில 2007லயே இளநிலைக்கு டியூஷன் ஃபீஸை எடுத்துட்டாங்க. அப்புறமும் எக்ஸாம் ஃபீஸ்னு ஒண்ணு இருக்கே. என் வகுப்புல ஒரு பொண்ணு, நைட்டு தறிக்குப் போயிட்டு காலையில தூங்கி வழிஞ்சுக்கிட்டே வரும், ஆனா கேட்ட கேள்விக்கு டக்குனு பதில் சொல்லும். எக்ஸாம் ஃபீஸ் கட்டுற கடைசி நாள் அது வரல. சில நூறு ரூவாதான். யார்கிட்டயும் கேக்கக் கூச்சம். எனக்குத் தெரிய வந்தப்ப கவுண்டரும் மூடிட்டாங்க, ஃபைன் கட்டுற தேதியும் தாண்டிருச்சு. அடுத்த மாசம் கல்யாணம்னு சொன்னாங்க. நான் முன்னாடியே கேட்டிருக்கணும். இன்னைக்கு வரைக்கும் அது என் மனசுல கெடக்கு. கொஞ்ச ரூவாதானே ஏத்துறாங்கன்னு யாராச்சும் சொன்னா எனக்கு அந்தப் பொண்ணு முகம்தான் வரும்.

போராடி என்ன கிழிச்சாங்கன்னு சித்தப்பா கேப்பார், கேட்டா சிதம்பரத்துல நடந்ததைச் சொல்லுங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013லயே அரசு எடுத்துக்கிச்சு, ஆனா அங்க இருந்த ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜ்ல எம்பிபிஎஸ்க்கு வருஷம் 5 லட்சத்துக்கு மேல வாங்கிட்டு இருந்தாங்க. மத்த பெரும்பாலான அரசு மெடிக்கல் காலேஜ்ல அப்ப 13 ஆயிரம் சொச்சம். 2020 டிசம்பர்ல பசங்க உக்காந்தாங்க. கொரோனா வார்டுல வேலை பாத்த பசங்க அவங்க. ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னாங்க, அப்பவும் எழுந்திரிக்கல, கிட்டத்தட்ட ஐம்பது நாள். 2021 ஜனவரி கடைசியில அந்தக் காலேஜை சுகாதாரத் துறைக்கு மாத்தி உத்தரவு வந்துச்சு, ஃபீஸும் அரசு ஃபீஸ் ஆச்சு. இன்னைக்கு ஒரு கட்டடத் தொழிலாளி மகன் அங்க சீட்டு வாங்கி 5 லட்சத்துக்கு எங்கயும் கையேந்தாம படிக்கிறான்னா, அந்தப் பசங்க குளிர்ல உக்காந்ததுனாலதான்.

இதுக்காக போராட்டத்துல நடக்கற எல்லாத்தையும் நான் ஆதரிக்கல. பரீட்சை எழுதப் போற பிள்ளையை மறிக்கறது, ஆம்புலன்ஸ் போற ரோட்டை அடைக்கறது, க்ளாஸ் ரூமை உடைக்கறது, இதெல்லாம் தப்புதான், பாப்பாகிட்ட நீங்க இதைக் கேக்கலாம், ஒரு அண்ணனா கேக்க உரிமை இருக்கு. ஆனா வெக்கமா இல்லையான்னு கேக்க இல்ல.

இப்ப அம்மா. கூட்டிட்டு வந்துருன்னு அவங்க சொல்றது பயத்துல. அந்தப் பயம் பொய்யும் இல்ல, போலீஸ் கேஸ் விழுந்தா பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் வெரிஃபிகேஷன்ல இழுத்தடிக்கும். அதனால பாப்பாகிட்ட மிரட்டாம இதைப் பேசுங்க. ஐடி கார்டு எப்பவும் கூட இருக்கணும், என்ன எழுதியிருக்குன்னு படிக்காம எதுலயும் கையெழுத்து போடக் கூடாது, வருகைப் பதிவும் பரீட்சையும் விட்டுப் போகாம பாத்துக்கணும், பழைய ஃபீஸ் ரசீதெல்லாம் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கணும். ரொம்ப விசேஷமான காரணம் இல்லாம பொம்பளைகளை சூரியன் மறைஞ்சு உதிக்கறதுக்குள்ள கைது பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி கிடைக்கும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துல கேக்கலாம். இதெல்லாம் சொல்லிட்டு, மூணு வாரமா அங்க என்னத்தைச் சாப்பிடறன்னும் கேளுங்க.

அவளை எப்படிப் புரிய வைக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் சொல்றது, அந்த ஃபீஸ் சர்க்குலரை அனுப்பச் சொல்லிக் கேளுங்க. முழுசா படிங்க. கணக்கு நீங்க போடுவீங்க, ஐடியில இருக்கீங்க, எக்செல்ல போட்டா பத்து நிமிஷம். பழைய ஃபீஸ்ல ரெண்டு வருஷத்துக்கு எவ்வளவு, புது ஃபீஸ்ல எவ்வளவு, அம்மா தறியில எத்தனை மாசம் ஓட்டணும். போட்டுப் பாத்ததுக்கப்புறமும் அந்த ஏத்தம் நியாயம்னு தோணுச்சுன்னா அவகிட்ட சொல்லுங்க, சண்டை போடுங்க, அண்ணன் தங்கச்சி சண்டை போடலாம். ஆனா எனக்கு என்னமோ அந்த எக்செல் ஷீட்டைப் பாத்தா உங்களுக்கு உங்க 2009 ஞாபகம்தான் வரும்னு தோணுது.

அவ போனை எடுக்க மாட்டா, இப்போதைக்கு. நீங்க அவளைத் திட்டுனது போன்ல இல்லையே, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைங்க எல்லாரும் இருக்கற க்ரூப்ல. அதனால தனியா ஸாரி அனுப்பாதீங்க. அந்த மெசேஜை டெலீட்டும் பண்ணாதீங்க. அதே க்ரூப்ல, அதே மெசேஜுக்குக் கீழ, "பாப்பா, நான் எழுதினது தப்பு, சர்க்குலரை அனுப்பு, படிக்கறேன்"னு எழுதுங்க. சித்தப்பாவும் பாக்கட்டும்.