பழைய லேப்டாப்பில் காவடிப் பாட்டு மிக்ஸிங்: பிளகின் சுமையைக் குறைப்பது எப்படி?

கேள்வி: மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் இருக்கிறேன். எங்கள் கோவில் இளைஞர் குழுவுக்காக, தைப்பூசத்துக்கு மூன்று காவடிப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்து வருகிறேன். லேப்டாப் 2014-இல் வாங்கியது. இரண்டு கோர் ஐ-5 பிராசஸர், 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. பாட்டைப் பதிவு செய்து மிக்ஸ் செய்யும் மென்பொருள் ரீப்பர். ஒரு பாட்டில் ஆண் குரல், பெண் குரல், கோரஸ் எட்டு டிராக், ஆர்மோனியம் சாம்பிள் (பதிவு செய்த சுரங்களால் ஆன மென்பொருள் வாத்தியம்), தவில், உடுக்கை, நண்பர் வாசித்த ரவான் என்ற ஆட்டுத்தோல் மேளம் எல்லாம் இருக்கின்றன. பிளகின்களை (ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்களை) போடப் போட ஒலி பட்பட்டென்று வெடிக்கிறது, சில இடங்களில் பாட்டு நின்றே விடுகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 50 சதவீதம்தான் காட்டுகிறது. கடைக்காரர் ரேமைக் கூட்டச் சொல்கிறார், மகன் புது லேப்டாப் வாங்கச் சொல்கிறான். எந்த பிளகினை எடுத்தால் சரியாகும்?

பதில்: இரண்டுக்கும் இப்போது பணம் செலவு செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் அளவு வேலையை அந்த லேப்டாப் தாங்கும். அதோடு ஒரு ஆறுதலான செய்தியும் உண்டு: கேட்கும்போது வரும் அந்த வெடிப்பு, பாட்டை ஃபைலாக ரெண்டர் செய்யும்போது பொதுவாக வராது. ரெண்டர் செய்யும்போது மென்பொருளுக்கு அவசரம் இல்லை. ஒரு நிமிடப் பாட்டுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டாலும் கணக்கை முழுதாக முடித்துத்தான் எழுதும். ஆகவே தைப்பூசத்துக்குள் பாட்டு வெளிவராதோ என்ற பயம் வேண்டாம்.

டாஸ்க் மேனேஜர் காட்டும் 50 சதவீதம் ஏன் ஏமாற்றுகிறது என்பதை முதலில் பார்ப்போம். இது புரிந்துவிட்டால் மீதி வேலை எளிது.

உங்கள் ப்ராஜெக்ட் நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடுகள்) என்ற கணக்கில் ஓடுகிறது, பஃபர், அதாவது ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித்துண்டின் அளவு, 256 சாம்பிள் என்று வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் பிராசஸருக்குக் கிடைக்கும் அவகாசம் ஒவ்வொரு தடவையும் 5.3 மில்லி செகண்ட்தான். அதற்குள் எல்லா டிராக்கும், அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் எல்லா பிளகினும் கணக்கை முடித்து ஒலியை அனுப்பியாக வேண்டும். 5 மில்லி செகண்டில் முடிந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. 6 ஆகிவிட்டால் அனுப்ப ஒலி இல்லை, 'பட்' என்று வெடிக்கும். டாஸ்க் மேனேஜரோ கிட்டத்தட்ட ஒரு நொடி முழுவதையும், எல்லாக் கோர்களையும் சேர்த்துச் சராசரி காட்டுகிறது. நடுவில் ஒரு தடவை தவறியது அதன் கண்ணில் படாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே டிராக்கில் இருக்கும் பிளகின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும். இரைச்சல் நீக்கி முடித்தால்தான் சுருதி திருத்தி தொடங்கலாம், அது முடிந்தால்தான் ஈக்யூ (கனத்த, கீச்சு ஒலிகளின் அளவைச் சீராக்குவது), அப்புறம் கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது). கோவில் சமையல்கட்டில் பத்துப் பேர் நின்றாலும் அரிசி களைந்த பிறகுதானே உலையில் போட முடியும், அப்படித்தான். உங்கள் ஆண் குரல் டிராக்கில் ஆறு பிளகின், அதற்கு மேல் எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் நான்கு என்றால், அந்தப் பத்தும் சேர்ந்து ஒரே நீளமான வரிசை. ஒரு கோர் அதில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, மற்றது சும்மா நிற்கும். ஆகவே 'எந்த பிளகின்' என்பதோடு 'அது எங்கே உட்கார்ந்திருக்கிறது' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ரீப்பரில் வியூ மெனுவைத் திறந்தால் பெர்ஃபார்மன்ஸ் மீட்டர் இருக்கும். பாட்டை ஓடவிட்டு அதைப் பாருங்கள். எந்த டிராக் எவ்வளவு சிபியு தின்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். ஆர்டி சிபியு என்று இன்னொரு எண்ணும் இருக்கும் (கிடைக்கும் அவகாசத்தில் எவ்வளவு செலவாகிறது என்பது), வெடிப்பு வருமா வராதா என்பதை அதுதான் சொல்லும். நான் பார்த்தவரை, இருபது டிராக் உள்ள ப்ராஜெக்டிலும் சுமையின் பெரும்பகுதி இரண்டு மூன்று டிராக்கில்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பிளகின்களைக் கழற்றுபவர்கள் பெரும்பாலும் சாதாரண ஈக்யூவைக் கழற்றுவார்கள். அதுவோ ஒன்றும் தின்னாத பிராணி. உண்மையில் கனமானவை இவை: உடனுக்குடன் இரைச்சல் நீக்கும் பிளகின், சுருதி திருத்தி, உண்மையான மண்டபத்தின் எதிரொலியை வைத்து இயங்கும் கன்வல்யூஷன் ரிவெர்ப், லீனியர் ஃபேஸ் என்ற தனி வகை ஈக்யூ, ஓவர்சாம்ப்ளிங் (கூடுதல் சாம்பிளில் கணக்கிடுவது) போட்ட லிமிட்டர் (ஒலி உச்சத்தைத் தாண்டாமல் தடுப்பது), பெரிய சாம்பிள் வாத்தியங்கள்.

சரி, மாற்ற வேண்டியவற்றைப் பார்ப்போம். முதலில் பஃபர். மிக்ஸிங் செய்யும்போது 1024 வையுங்கள். 48,000-இல் அது 21 மில்லி செகண்ட் அவகாசம், முன்பு இருந்ததைப் போல நான்கு மடங்கு. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நகர்த்தினால் இம்மி தாமதமாகக் கேட்கும், மிக்ஸிங்கில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பாடகரைப் பதிவு செய்யும்போது மட்டும் 128-க்கு இறக்குங்கள். அப்போதும் பாடகர் தன் குரலை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் வழியாகவே ஹெட்ஃபோனில் கேட்கட்டும். கணினிக்குள் போய்த் திரும்பாத குரல் என்பதால் தாமதமே இருக்காது. உங்கள் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் இருந்தால், பதிவின்போதுகூடப் பஃபரைப் பெரிதாகவே விட்டுவிடலாம்.

இதோடு சேர்த்து ஒன்றைப் பாருங்கள். பதிவு முடிந்த பிறகும் டிராக்கில் சிவப்பு ரெக்கார்ட் பொத்தான் எரிந்துகொண்டே இருக்கிறதா? ரீப்பர் ஒரு நல்ல காரியம் செய்யும்: அடுத்து வரப்போகும் ஒலியை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். ஆனால் உள்ளே வரும் ஒலிக்காகக் காத்திருக்கும் டிராக்குக்கு அப்படி முன்கூட்டிச் செய்ய முடியாது, வராத குரலை எப்படிக் கணக்கிடுவது? அந்தப் பொத்தான்களை அணைத்தாலே சில ப்ராஜெக்டுகளில் வெடிப்பு நின்றுவிடும். அப்புறம், இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனம் கொடுக்கும் ஏசியோ டிரைவரையே (ஒலிக்கென்றே உள்ள, தாமதம் குறைந்த டிரைவர்) போடுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கிடைக்கும் டிரைவர்கள் அவசரத்துக்கு மட்டும்.

அடுத்தது ரிவெர்ப், அதாவது மண்டப எதிரொலி. இதில்தான் உங்களுக்குப் பெரிய லாபம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எட்டுக் கோரஸ், இரண்டு குரல், தவில், உடுக்கை என்று ஒவ்வொன்றிலும் தனி ரிவெர்ப் போட்டிருந்தால், பன்னிரண்டு மண்டபங்களைக் கட்டச் சொல்கிறீர்கள். ஒரு புது டிராக் திறந்து அதில் ஒரே ஒரு ரிவெர்ப் போடுங்கள், வெட் (எதிரொலி) முழுதாக, ட்ரை (அசல் ஒலி) பூஜ்யமாக. மற்ற டிராக்குகளிலிருந்து அதற்கு சென்ட் (ஒலியின் நகல்) அனுப்புங்கள். முன்வரிசையில் கேட்க வேண்டிய குரலுக்குக் குறைவாக, பின்னால் நிற்க வேண்டிய கோரஸுக்குக் கூடுதலாக. சுமை குறைகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே கோவில் மண்டபத்தில் நின்று பாடுவது போன்ற உணர்வு இப்படிச் செய்தால்தான் வரும். பன்னிரண்டு ரிவெர்ப் போட்ட பாட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில் நின்று பாடுவது போலிருக்கும். அந்த ஒரே ரிவெர்ப் கன்வல்யூஷனாக இருந்தால்கூடத் தாங்கும். வேலை நடக்கும்போது ரீப்பரோடு வரும் ரியாவெர்பேட் போன்ற இலேசான ஒன்றை வைத்துக்கொண்டு, கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

கோரஸுக்கும் இதே வழிதான். எட்டு டிராக்கையும் ஒரு ஃபோல்டருக்குள் போட்டு, ஈக்யூ, கம்ப்ரஸர் எல்லாம் ஃபோல்டரின் மேல் ஒரே தடவை போடுங்கள். ஒரு பையனின் குரல் மட்டும் கீச்சென்று இருந்தால் அவனுக்கு மட்டும் தனி ஈக்யூ. டிராக்குக்கு நான்கு என்று வைத்திருந்த முப்பத்திரண்டு பிளகின்கள் நான்கைந்தாகிவிடும்.

இரைச்சல் நீக்குவதும் சுருதி திருத்துவதும் ஒரு தடவை முடிவெடுத்து முடிக்க வேண்டிய வேலைகள். பாட்டு ஓடும் ஒவ்வொரு தடவையும் அதே இரைச்சலை அது மறுபடி நீக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. திருப்தியானதும் அந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். டிராக்கின் மேல் வலது கிளிக் செய்தால் ரெண்டர், ஃப்ரீஸ் பகுதி வரும். குரல் என்றால் மோனோ, ஆர்மோனியம் போன்றவற்றுக்கு ஸ்டீரியோ. டிராக் சாதாரண ஒலி ஃபைலாக மாறிவிடும், பிளகின்கள் ஓய்வெடுக்கும். மாற்ற வேண்டுமென்றால் அன்ஃப்ரீஸ் செய்துகொள்ளலாம், எதுவும் தொலையாது. ஆர்மோனியத்தை ஃப்ரீஸ் செய்தால் இன்னொரு லாபமும் உண்டு: அந்தச் சாம்பிள்கள் பிடித்து வைத்திருந்த ரேமும் விடுபடும். சிலர் பிளகினின் உள்ளேயே இருக்கும் பைபாஸைப் போட்டுவிட்டுச் சுமை குறைந்ததாக நினைக்கிறார்கள். பல பிளகின்கள் அந்த நிலையிலும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேண்டாதது என்று தெரிந்தால் ரீப்பரில் ஆஃப்லைன் ஆக்குங்கள், ரேமையும் விட்டுவிடும்.

ரவானைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டுத்தோல் நம் ஊர் ஈரக்காற்றில் தொய்ந்துபோகும், அதனால்தான் வாசிப்பவர்கள் முதலில் தீயில் காட்டுகிறார்கள். உங்கள் நண்பர் நன்றாகச் சூடாக்கி வாசித்த பதிவுக்கு ஒரு ஈக்யூ போதும். தொய்ந்த ரவானைப் பதிவு செய்துவிட்டு மூன்று பிளகினால் நிமிர்த்த முயன்றால் சுமைதான் கூடும், அந்த அடி திரும்ப வராது. முடிந்தால் மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

மாஸ்டர் டிராக்கைக் கடைசி நாள்வரை காலியாக வைத்திருங்கள். எல்லா டிராக்கும் அங்கே வந்துதான் முடிகிறது என்பதால், அங்கே போடும் ஒரு கனமான லிமிட்டர் முழு வரிசையையும் நிறுத்திவைக்கும். ஓவர்சாம்ப்ளிங் நான்கு மடங்கு என்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு கணக்கு. வேலை நடக்கும்போது அதை அணைத்துவிட்டு ரெண்டர் செய்யும்போது போட்டுக்கொள்ளுங்கள். அதேபோல் ப்ராஜெக்டை 96,000-இல் வைத்திருந்தால் எல்லாச் சுமையும் இரட்டிப்பு. இப்போதைய பாட்டைப் பாதியில் மாற்ற வேண்டாம், அடுத்ததை 48,000-இல் தொடங்குங்கள்.

இனி வெயில். ஜனவரி, பிப்ரவரியில் போர்ட் லூயிஸின் புழுக்கத்தைச் சொல்லத் தேவையில்லை, தைப்பூசப் பாட்டு வேலையும் சரியாக அப்போதுதான் வருகிறது. பதிவின்போது அறையில் ஃபேன் ஓடினால் இரைச்சல் நீக்கி தேவைப்படும், நிறுத்தினால் அறையும் லேப்டாப்பும் கொதிக்கும். பிராசஸரின் சூடு 100 டிகிரியை நெருங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். பாட்டு முதல் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடி, அதற்குப் பிறகு வெடிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் காரணம் சூடுதான். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிகிரியைப் பார்க்கலாம். 2014 லேப்டாப்பை ஒரு தடவையும் திறந்து சுத்தம் செய்ததில்லை என்றால், ஃபேனில் அடைந்த தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் வேலை அதுதான். மெத்தை மேல் வைக்காதீர்கள், மேசையில் வைத்துப் பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். பதிவை விடியற்காலையில் வைத்துக்கொண்டால் ஃபேனும் வேண்டாம், தெருச் சத்தமும் குறைவு.

சார்ஜரைச் சொருகியே வேலை செய்யுங்கள், பேட்டரியில் பல லேப்டாப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பவர் அமைப்பில் ஹை பெர்ஃபார்மன்ஸைத் தேர்ந்தெடுங்கள். வேலை நேரத்தில் வைஃபையை அணையுங்கள், அதன் டிரைவர் சில மில்லி செகண்டுகளைத் தட்டிப் பறிப்பது பழைய லேப்டாப்புகளில் அடிக்கடி நடக்கிறது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாட்டு வேலைக்கு மட்டும் என்று அந்த லேப்டாப்பை இணையத்திலிருந்து விலக்கி வைப்பது இரண்டு வகையிலும் நல்லது. புயல் காலம் என்பதால் ரீப்பரில் தானாகச் சேமிக்கும் வசதியைப் போட்டுவையுங்கள், வெளியே ஒரு டிரைவில் நகலும் இருக்கட்டும்.

கடைக்காரர் சொன்ன ரேம் விஷயம். டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற இடத்தைப் பாருங்கள். பாட்டு திறந்திருக்கும்போது 8 ஜிபியும் நிரம்பி டிஸ்க் ஓயாமல் ஓடினால் ரேம் உதவும். ஐந்தாறு ஜிபியில் நிற்கிறது என்றால் கூட்டியும் பயனில்லை. இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதென்றால், முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். ஆர்மோனியம் சாம்பிள் திறக்கும் நேரமும், சாம்பிள் வந்து சேராமல் ஒலி விடுபடுவதும் குறையும். ஆனால் ரேமோ எஸ்எஸ்டியோ ஒரு கம்ப்ரஸரை வேகமாகக் கணக்குப் போட வைக்காது.

மகன் சொன்னதும் ஒருநாள் சரியாகும். இத்தனையும் செய்து, பஃபர் 1024-இலும் ஆர்டி சிபியு உச்சத்திலேயே நின்றால் புதியது பாருங்கள். அப்போது எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோரின் வேகத்தை முதலில் விசாரியுங்கள், மேலே சொன்ன அந்த நீளமான வரிசையை இழுப்பது அதுதான். மாறுவதற்கு முன், இந்த மூன்று பாட்டுகளின் ஒவ்வொரு டிராக்கையும் பிளகினோடு ஒன்றும், பிளகின் இல்லாமல் ஒன்றுமாக வேவ் ஃபைலாக எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் பழைய 32 பிட் பிளகின்கள் புது லேப்டாப்பில் ஓடாமல் போனாலும் குரல்கள் உங்கள் கையில் இருக்கும்.