சுன்னத் செய்த ஏழு வயதுப் பையனுக்கு என்ன கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

"நேற்று என் மகனுக்குச் சுன்னத் செய்தோம். முட்டை, மீன், பருப்பு, மாம்பழம் எதுவும் கூடாது, சீழ் பிடித்துவிடும் என்கிறார் மாமியார். சிறுநீர் கழிக்கும்போது அலறுகிறான் என்பதால் தண்ணீரையும் குறைத்திருக்கிறோம். இது சரியா?" என்று கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள், சகோதரி. பையன் விழித்திருந்தால் இப்போதே எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீரோ மோரோ கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அறுவை சிகிச்சை வார்டுகளில் ஆண் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழையபேட்டையிலிருந்து கத்னா என்கிற சுன்னத்துக்காக வந்த பிள்ளைகளுக்கும், முன்தோல் இறுக்கத்துக்காகப் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் கட்டுப் பிரித்திருக்கிறேன். மதம் எதுவானாலும் வீட்டுப் பெரியவர்களின் பயம் ஒன்றுதான்: சாப்பாடு புண்ணைக் கெடுத்துவிடும் என்பது. அவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பத்தியத்தால் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி மஞ்சளாக இறங்கும். புதுப் புண்ணில் அது படும்போது எரிச்சல் இன்னும் கூடும். எரிச்சலுக்குப் பயந்து பையன் அடக்குவான். அடக்கினால் அடிவயிறு வீங்கி வலிக்கும், அடுத்த முறை அலறல் அதிகமாகும். மே மாத வெயிலில் இங்கே பிள்ளைகளுக்கு வியர்வையிலேயே பாதித் தண்ணீர் போய்விடுகிறது. சிறுநீர் ஏறக்குறைய நிறமில்லாமல் இறங்கும் அளவுக்குத் தண்ணீர், நீர்மோர், இளநீர், அரிசிக்கஞ்சி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கட்டுப் பிரித்த பிறகும் எரிந்தால், சிறுநீர் கழிக்கும்போதே ஒரு குவளை வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றிக்கொண்டிருங்கள். அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, அதில் உட்கார்ந்தபடியே கழிக்கச் சொன்னாலும் சரி. அடம் பிடிக்கிற பிள்ளைகள்கூட இதற்கு இணங்கிவிடுவார்கள்.

இப்போது சீழ் விஷயம். புண்ணில் சீழ் பிடிப்பது கிருமியால். கழுவாத கை, அழுக்குத் துணி, கண்டதையும் தடவுவது ஆகிய வழிகளில் கிருமி வருகிறது, முட்டையிலிருந்து வருவதில்லை. தோல் மறுபடி வளர்ந்து மூடுவதற்குப் புரதம் வேண்டும். அது முட்டையிலும் மீனிலும் கோழியிலும் பருப்பிலும்தான் இருக்கிறது. ஒரு பொருள் இதற்கு முன்பே உங்கள் பையனுக்கு ஒவ்வாமை தந்திருந்தால் அதை மட்டும் விலக்குங்கள். கத்தரிக்காயும் கருவாடும் அரிப்பு உண்டாக்கும் என்று சொல்வார்கள். பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க அவற்றை இரண்டு வாரம் தள்ளிவைப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. முட்டையையும் பருப்பையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாம்பழத்தைச் சூடு என்று ஒதுக்குகிறார்கள். சுன்னத்தைப் பெரும்பாலும் கோடை விடுமுறையில் வைக்கிறோம், கிருஷ்ணகிரியில் அதுதான் மாம்பழக் காலம். தெருவெல்லாம் செந்தூராவும் மல்கோவாவும் மணக்கும்போது பிள்ளையை மட்டும் பட்டினி போடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். நன்கு கனிந்த பழத்தைக் கழுவி, இரண்டு துண்டு கொடுங்கள். அதில் வைட்டமின் சி இருக்கிறது, புண் ஆற அது தேவை. கொய்யா, நெல்லிக்காய், சாத்துக்குடியும் அப்படித்தான்.

உண்மையில் இந்தப் புண்ணுக்கு எதிரி மலச்சிக்கல். மயக்க மருந்து, வலி, படுத்தே கிடப்பது எல்லாம் சேர்ந்து குடலை மந்தமாக்கிவிடும். முக்கினால் தையல் இருக்கும் இடம் விண்விண் என்று தெறிக்கும், சில நேரம் இரத்தமும் கசியும். பார்க்க வருகிற உறவினர்கள் பிஸ்கட்டும் ரஸ்க்கும் சிப்ஸும்தான் பை பையாகக் கொண்டுவருகிறார்கள். மைதாவைத் தின்றுவிட்டுத் தண்ணீரும் குடிக்காமல் கிடந்தால் மூன்றாம் நாள் கழிவறையில் அழுகைதான். நம் பக்கத்துச் சாப்பாடே இதற்குப் போதும்: காலையில் இட்லி அல்லது மோர் கரைத்த கேழ்வரகுக் கூழ், மதியம் சோறோ களியோ கீரைக் கடைசலுடன், கூடவே ஒரு அவித்த முட்டை, இரவில் பச்சைப்பயறு கடைசல், இடையில் வாழைப்பழமோ பப்பாளியோ. நாட்டுக்கோழிச் சாறு தாராளமாகக் கொடுக்கலாம். அதிகக் காரம் புண்ணை ஒன்றும் செய்யாது, ஆனால் வயிற்றைக் கெடுத்தால் கழிவறைக்கு ஓடி ஓடிப் பையன் களைத்துப்போவான். விருந்துப் பிரியாணியை மூன்று நாள் தள்ளிக் கொடுங்கள்.

வலி மருந்தை அலறிய பிறகு கொடுப்பதைவிட, முதல் இரண்டு நாள் நேரம் பார்த்துக் கொடுப்பது நல்லது. வழக்கமாக எழுதித் தருவது பாராசிட்டமால். ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் 4 முறைக்கு மேல் கூடாது. பையன் 20 கிலோ என்றால் 200 முதல் 300 மில்லிகிராம். சிரப் வாங்கும்போது பாட்டிலைக் கட்டாயம் பாருங்கள். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது. மாறிப்போனால் மருந்து பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கட்டுத் துணியை டாக்டர் சொன்ன நாளில் எடுக்க வேண்டும், பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில். ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் தானே கழன்றுவிடும். பிறகு டாக்டர் தந்த களிம்போ வாசலினோ மெல்லத் தடவினால் துணி ஒட்டாது. மஞ்சள், சாம்பல், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதுவும் அங்கே வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாளில் மொட்டின் (ஆணுறுப்பின் நுனிப் பகுதி) மேல் வெளிர் மஞ்சளாக ஒரு படலம் தெரியும். பார்த்தவுடன் சீழ் என்று பதறித் துடைத்து எடுப்பவர்கள் நிறையப் பேர். வாய்ப்புண் மேல் படர்வது போன்ற படலம்தான் அது, புண் ஆறுகிறது என்று பொருள். துடைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆற வேண்டும். வீக்கமும் முதல் சில நாள் இருக்கும். தையல் தானே கரையும் வகை என்றால் ஓரிரு வாரத்தில் உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் வளையம் போட்டிருந்தால் ஒரு வாரத்தை ஒட்டி விழும். 10 நாளாகியும் விழாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், நீங்கள் இழுக்காதீர்கள்.

படுக்கைக்கு மேலே கயிறு கட்டி, போர்த்தும் துணியின் நடுவைத் தூக்கிக் கட்டிவிடும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அருமையான ஏற்பாடு, அப்படியே செய்யுங்கள். பகலில் தளர்வான கைலி போதும். இரண்டு வாரத்துக்குச் சைக்கிளும் ஓட்டமும் வேண்டாம். வீட்டிலேயே ஒஸ்தாவை (வழிவழியாகச் சுன்னத் செய்பவர்) வைத்துச் செய்திருந்தால், ஐந்து ஆறு வயதில் போட வேண்டிய தடுப்பூசி பையனுக்குப் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். வீட்டில் செய்யும்போதுதான் ரணஜன்னி (டெட்டனஸ்) பயம் அதிகம்.

இரத்தம் துளித்துளியாக வந்தால் சுத்தமான காஸ் துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால், 8 மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டால், மொட்டு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், நாற்றத்துடன் கெட்டியான சீழ் வந்தால், சிவப்பு அடிவயிறு நோக்கிப் பரவினால், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதே சிகிச்சைக்குத் தயாராகும் பெரியவர்களும் இந்தப் பக்கத்துக்கு வருவார்கள் என்பதால் ஒன்று. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக முன்தோல் இறுகி, வெடித்து, அரிக்கிறதென்றால் முதலில் இரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். நீரிழிவு இருப்பது இதன் மூலமாகவே தெரியவந்த பலரை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும். தாம்பத்தியத்துக்கு ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

உங்கள் பையனைப் பற்றி இன்னும் ஒன்று, இது சில மாதங்கள் கழித்துப் பார்க்க வேண்டியது. சிறுநீர் நூல்போல் மெலிந்து, மேல்நோக்கி வளைந்து பாய்ந்தால் சிறுநீர்த் துவாரம் சுருங்கியிருக்கலாம். சிறிய சிகிச்சையில் சரியாகிவிடும், குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.